ஒரு பருக்கைகூட வீணாகாமல்

கெடா மாநிலத்துப் பாக்கார் ஆராங் பக்கத்தில் மொத்தம் ஐந்து மாடுகள் இருந்தன; மாட்டுப் பொங்கல் கொண்டாடும் சங்கங்கள் ஏழு இருந்தன. இந்தக் கணக்கு எங்கோ உதைக்கிறதே என்று ஏழு தலைவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாடுகளுக்குத் தோன்றியிருக்கலாம். அவற்றை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

ஐந்தும் குணவதியின் மாடுகள். பவுனு, செவலை, மயிலை, ராணி, பிறகு பெயர் வைக்க நேரமில்லாமல் 'சின்னவ' என்றே வளர்ந்துவிட்ட ஒரு கிடாரி. வரிசை வீடுகள் முடிந்து, உயரழுத்த மின்கம்பிகள் ஓடும் புல்வெளி தொடங்கும் இடத்தில் தகரக் கொட்டகை. அதை ஒட்டி ஒரு பலகை வீடு. ஒரு காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரம் பூராவும் பால்மரக் காடு. தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது லயத்து ஜனங்களுக்கு ஆளுக்கொரு அடுக்குமாடி வீடு கிடைத்தது. குணவதிக்கும் கிடைத்தது, நாலாவது மாடியில். மாடு படியேறாது என்பதால் அவளும் ஏறவில்லை. கம்பிக்குக் கீழே யாரும் வீடு கட்ட முடியாது. அதனால் அந்த இடம் அவளுக்கும் மாட்டுக்கும் மிஞ்சியது.

காலை ஐந்துக்குக் கறப்பாள். முப்பது வருஷம் பால்மரம் சீவி முட்டி தேய்ந்த அவள் புருஷன் பக்கிரிசாமி, மோட்டார் சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு போய் வீடு வீடாகப் பால் போடுவான். திரும்பும்போது சோயாக் கட்டி செய்யும் தவ்வு பட்டறையிலிருந்து சக்கை இரண்டு மூட்டை வரும். வடக்கே நெல் அறுப்பு முடிந்தால் லாரியில் வைக்கோல் வரும். சாணம் குழிக்குப் போகும்; குழி மண் பாத்திக்குப் போகும்; பாத்தியில் கத்திரியும் வெண்டையும் கங்கோங் கீரையும் நிற்கும்; பூச்சி விழுந்த இலையும் முற்றிய தண்டும் மறுபடி மாட்டுக்கே வரும். இருபது வருஷமாக இப்படித்தான். உரம் வாங்க வக்கில்லாததற்கு அவர்கள் கண்ட வழி.

அந்த வழிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் சிவகுரு.

சிவகுரு யாழ்ப்பாணத்து வழிவந்த மூன்றாம் தலைமுறைக்காரர். அரசாங்கத்தில் பெரிய நாற்காலியில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போன பிறகும் உட்காரும் தோரணை போகாததால் 'உணவு உறுதி மக்கள் இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கித் தாமே தலைவரானார். நெல் விளையும் மாநிலத்திலேயே ஒரு சமயம் கடைகளில் உள்ளூர் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தது அவரை உலுக்கிவிட்டது. "நாளைக்குக் கப்பல் வராவிட்டால் நாம் எதைச் சாப்பிடுவது?" என்று மேடைதோறும் கேட்டார். நல்ல கேள்வி. கேட்டு முடித்ததும் எல்லோருமாகக் கப்பலில் வந்த கோதுமையில் செய்த மீ கோரெங் சாப்பிடப் போவார்கள்.

அவர் முதன்முதலில் கொட்டகைக்கு வந்த அன்று குணவதி முழங்கை வரை சாணியோடு நின்றிருந்தாள்.

"அம்மா, நீங்கள் செய்துகொண்டிருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ?"

அவளுக்குப் பகீர் என்றது. நகராண்மைக்காரர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "சாணி அள்ளிக்கிட்டு இருக்கேங்கய்யா."

"இல்லை. நிலைத்த சுழற்சி வேளாண்மை."

மறுவாரமே அந்தப் பெயரில் ஒரு பலகை வந்து கொட்டகை முன்னால் முளைத்தது. அன்றிலிருந்து பக்கிரிசாமி சட்டை போட்டுக்கொண்டு சாணி அள்ளினான்.

பலகையை அவள் சும்மா நடவிடவில்லை. ஆறு மாதத்துக்கு முன் கொட்டகைத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: இது அரசாங்க நிலம், காலி செய். தற்காலிக உரிமம் கேட்டு மனுப் போடலாம். ஆனால் மனுவோடு பெரிய மனிதர் யாராவது கொடுத்த ஆதரவுக் கடிதம் இருந்தால்தான் அது மேசை தாண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். குணவதிக்குத் தெரிந்த பெரிய மனிதர் சிவகுரு ஒருவர்தான். கடிதம் வராவிட்டால் மாடுகள் போக வேண்டும். மாடுகள் போனால் அவள் நாலாவது மாடிக்குப் போக வேண்டும். பவுனு வேறு எட்டு மாதச் சினை.

"கடிதந்தானே? பொங்கல் விழா முடியட்டும். முன்மாதிரிப் பண்ணை என்று படத்தோடு எழுதிவிடுகிறேன்" என்றார் சிவகுரு.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பதால் இயக்கம் துணிந்து பெரிதாகத் திட்டமிட்டது. திடலில் நூற்றெட்டுப் பானைப் பொங்கல். ஆயிரம் பேருக்கு ஏற்பாடு. பெரிய பதாகையில் 'ஒரு பருக்கைகூட வீணாகாமல்' என்று எழுதி, அதன் பக்கத்தில் குணவதியின் மாடு பவுனுவின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். சிவகுருவின் முகம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஆயிரம் பேர் வரவில்லை. ஊரின் மறுபக்கத்தில் இன்னொரு சங்கம் பொங்கலோடு கோழி பிரியாணியும் போட்டதால் முந்நூறு பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் இனிப்பைப் பார்த்துப் பயப்படுகிற வயசுக்காரர்கள். ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கி, பாதியை வைத்துவிட்டு, சிறப்புப் பிரமுகராக வந்த டத்தோ பட்டக்காரர் பேசுகையில் நிழல் தேடிப் போனார்கள். பசியைப் பற்றி அவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

திடலில் பொங்கிய குடும்பங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குணவதியின் கொட்டகைக்கு வந்தன. மாட்டுக்கு ஒரு வாய் கொடுக்காமல் மாட்டுப் பொங்கலா? ஊரில் வேறு மாடு எங்கே இருக்கிறது? புல்வெளி ஓரம் முழுக்க வந்தவர்கள் ஓட்டிவந்த மோட்டார் காடிகள் நின்றன. ஐந்து மாட்டுக்கும் மஞ்சள் தடவி, கொம்பில் சாயம் பூசி, மாலை போட்டு நிறுத்தியிருந்தான் பக்கிரிசாமி.

பவுனு கையில் கொடுத்தால் கையில் வாங்கும் மாடு. நாக்கால் உள்ளங்கையைத் துடைத்துவிடும். ஆகவே கூட்டமெல்லாம் அவள் முன்னால்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கலா, போட்டோல நீங்க விழுறீங்க" என்றாள் பிரேமாவதி. அவள் இயக்கத்தின் செயலாளர். பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தாள்.

குணவதி தள்ளி நின்றாள்.

"அய்யோ, எவ்ளோ ஆசையா சாப்பிடுது பாருங்க! பாவம், டெய்லி புல்லுதான திங்குது. இன்னும் கொஞ்சம் குடுங்க, நெய்யா எடுத்துக் குடுங்க."

"போதும்மா, நெறையாத் தின்னுருச்சு" என்றாள் குணவதி மெல்ல.

"நல்ல நாள்ல போதும்னு சொல்லாதீங்கக்கா. கோமாதா வயிறு நிறைஞ்சா நம்ம வீடு நிறையும்."

பிரேமாவதி வீட்டுக்குப் பிறகு இன்னொரு வீடு. அதற்குப் பிறகு இன்னொன்று. ஒவ்வொருவரும் தங்கள் பானைதான் முதல் பானை என்பதுபோல ஊட்டினார்கள். தோட்டத்தில் இருந்தபோது ஒரு பானைப் பொங்கல் பத்து மாட்டுக்கு. மாட்டுக்கு ஒரு உருண்டை என்று மண்டோர் எனும் கங்காணி வீட்டு மாட்டிலிருந்து ஆரம்பித்தால் கடைசி மாட்டுக்கு வாழை இலைதான் கிடைக்கும். மாட்டுக்குச் சோறு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே யாரிடமும் சோறு இருந்ததில்லை.

குணவதி புருஷனை ஓரமாக இழுத்தாள். "என்னாங்க, பவுனுக்கு இனிமே குடுக்க வேணாம்னு சொல்லுங்க. சினை மாடு."

"நான் எப்பிடிப் புள்ள சொல்றது? கோயிலுக்கு வர்ற மாதிரி வர்றாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப நான் சொல்றேன்."

"சொல்லு. அப்பறம் அந்த சூராட்டயும் நீயே எழுதிக்க." சூராட் என்றால் கடிதம், எந்தக் கடிதம் என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் காலிப் பானைகளை ஓரமாக எடுத்து வைக்கப் போனாள்.

பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்து, வெயில் தகரத்தில் சடசடத்துக்கொண்டிருந்த நேரம், ஒரு சின்ன லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சிவகுரு இறங்கினார். பின்னால் நான்கு நீலத் தோங்குகள், பிளாஸ்டிக் பீப்பாய்கள், ஆள் உயரத்தில் முக்கால் இருக்கும். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது. சர்க்கரைப் பொங்கல், விளிம்பு வரை.

"மிச்சம் அம்மா. பசுக்களுக்கு."

"இம்புட்டுமாய்யா?"

"ஒரு பருக்கை குப்பைக்குப் போகாது என்று மேடையில் வாக்குக் கொடுத்தாயிற்று."

குணவதி தோங்கைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். "அய்யா, ஒன்னு செய்வோம். இத எருக்குழியில கொட்டி மண்ண மூடிருவோம். ரெண்டு மாசத்துல நல்ல உரமாயிரும். அதுவும் வீணு இல்லதான?"

சிவகுருவின் முகம், யாரோ அவர் தட்டில் துப்பியதுபோல ஆயிற்று. "சோற்றைச் சாணிக் குழியிலா? பொங்கலன்றைக்கா? அம்மா, பத்திரிகைக்காரருக்கு என்ன சொல்வது? பசியோடு கிடக்கிற உலகத்தில் உணவு உறுதி இயக்கம் சோற்றைப் புதைத்தது என்றா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடிதம் எழுதியாயிற்று. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருகிறேன். ஞாயிறு அலுவலகம் திறந்ததும் கொடுத்துவிடலாம்."

அவள் வழிவிட்டு நின்றாள். லாரிக்காரர்கள் தோங்குகளை இறக்கினார்கள். சிவகுரு ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் பக்கிரிசாமி தோங்கைச் சாய்த்துத் தீவனத் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தான். குணவதி தடுக்கத்தான் போனாள். "விடு புள்ள. இன்னிக்கிப் புல்லு அறுக்கப் போவ வேணாம். என் முட்டிக்கும் ஒரு நாளு லீவு." அவன் முகத்தில் அவள் வெகு நாளாகப் பார்க்காத சந்தோஷம் இருந்தது. அவளும் காலை மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். தடுக்கப் போன கை அப்படியே இடுப்புக்குப் போனது. மாடுகள் தொட்டிக்குள் தலையை விட்டன. மூன்று தோங்கு காலியாயிற்று.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் கொட்டகைக்குள் போனபோது ஏதோ குறைந்தது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. ஈ இருந்தது, வால் அடித்தது, ஓடைப் பக்கம் தவளை கத்தியது. பிறகுதான் புரிந்தது. அசை போடும் சத்தம் இல்லை. ஐந்து மாட்டில் ஒன்றுகூட வாயை அசைக்கவில்லை. மஞ்சளும் மாலையுமாகச் சாமி சிலைபோல நின்றன.

"என்னாங்க, அசை போடலங்க."

"வயிறு நிறைஞ்சா நான்கூடத்தான் வாய அசைக்க மாட்டேன்" என்றான் பக்கிரிசாமி.

விடிந்தும் விடியாமல் பால் வாளியோடு போனவள் வாளியைக் கீழே போட்டாள்.

பவுனு படுத்துக் கிடந்தது. தலையை வளைத்துத் தன் விலாவின் மேல் வைத்திருந்தது, வயிற்றுக்குள் இருப்பதை ஒட்டுக் கேட்பதுபோல. கண் குழிக்குள் போயிருந்தது. செவலை நின்றது; ஆனால் நாலு காலையும் அகட்டி, குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு. தரையெல்லாம் சாம்பல் நிறத்தில் நுரையோடு கழிந்து கிடந்தது. அந்த வாடை! தோட்டத்துச் சனங்களுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னாலேயே வந்த பக்கிரிசாமி மூக்கை உறிஞ்சி, நம்பாமல் மறுபடி உறிஞ்சினான்.

"கள்ளுக்கட வாடதான அடிக்குது, குணா?"

சனிக்கிழமை. அரசாங்கக் கால்நடை அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. வேறு யாரையும் தெரியாது. சிவகுருவுக்குப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"நன்றியெல்லாம் எதற்கம்மா? அது எங்கள் கடமை."

"அய்யா, பவுனு எந்திரிக்க மாட்டேங்குது."

"களைப்பாக இருக்கும். நேற்று எத்தனை பேர் வந்தார்கள்! நாங்களே…"

"அய்யா, சாவுதுய்யா!"

மேடைக் குரல் அறுந்தது. பிறகு சாதாரண மனுஷக் குரலில், "பொறுங்கோ, என்ர மகளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

மகள் சுகந்தினி கால்நடை மருத்துவர். டவுனில் பூனை நாய்களுக்கு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். வீட்டு உடையிலேயே, ரப்பர் குழாயும் வாளியுமாக வந்து இறங்கினாள். பவுனுவின் இடது வயிற்றில் முஷ்டியை அழுத்திப் பார்த்தாள். மாவுச் சாக்கில் குத்தியதுபோலப் பள்ளம் விழுந்து நின்றது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். வெகு நேரம் கேட்டாள்.

"என்ன குடுத்தீங்கம்மா?"

"பொங்கலு."

"எவ்வளவு?"

"வந்தவங்க கையில குடுத்தது ஒரு முப்பது நாப்பது பான இருக்கும். அப்பறம் மூனு தோங்கு."

சுகந்தினி எழுந்து நின்றாள். சுவரோரம் நின்ற நீலத் தோங்குகளைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "மாட்டு வயிறு புல்லுக்குத்தான்மா. சோறு போனா புளிச்சிடும். இனிப்புச் சோறுன்னா கேட்கவே வேண்டாம். உள்ளே எல்லாம் இப்ப அமிலம். யாரு இவ்வளவு குடுக்கச் சொன்னது?"

குணவதி வாசலைப் பார்த்தாள். பக்கிரிசாமி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகை வாசலில், பளபளக்கும் சப்பாத்தோடு எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்த சிவகுரு தொண்டையைச் செருமினார்.

"அப்பா?" என்றாள் சுகந்தினி.

"நாங்கள் நல்லதுக்குத்தானே பிள்ளை…"

"அப்பா, வீட்டில ஒரு டாக்டர் இருக்கிறன். ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சோறு தின்று மாடு சாகும் என்று யாருக்கடி தெரியும்?"

"எனக்குத் தெரியும்! நாலு போன் கோல் போட்டு டத்தோ வருவாரா மாட்டாரான்னு கேட்டீங்களே, ஐந்தாவது கோல் எனக்குப் போட்டிருக்கலாமே!" அவள் திரும்பினாள். "அண்ணே, சமையல் சோடா வேணும். ரொட்டிக் கடை, கேக் கடை, எங்க கிடைச்சாலும், எவ்வளவு கிடைச்சாலும். ஓடுங்க."

பக்கிரிசாமி முட்டியை மறந்து ஓடினான். மோட்டார் சத்தம் வீட்டு வரிசைகளுக்குள் போய் மறைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் குணவதியால் வரிசையாக நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை. சோடா கரைத்த தண்ணீர் வாளி வாளியாகக் குழாய் வழியே போனது. சின்னவளையும் ராணியையும் மயிலையையும் உட்காரவிடாமல் புல்வெளியில் நடத்தச் சொன்னாள் சுகந்தினி; சின்னவளின் கயிற்றைச் சிவகுருவின் கையில் திணித்தாள். அவர் நடந்தார். கிடாரி அவர் காற்சட்டை மேல் கழிந்தது, அதற்கும் நடந்தார். சட்டைப்பையில் போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் கிணுங்கியது. 'ஒரு பருக்கைகூட வீணாகவில்லை! தலைவருக்கு வாழ்த்துகள்!' என்று உலகம் பாராட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குச் செவலை முட்டி மடங்கி விழுந்தது. எழவில்லை.

"வயித்தைத் திறந்து சோத்தை வாரி எடுத்தா முடியுமா தங்கச்சி?" என்றாள் குணவதி.

"நேத்து ராத்திரின்னா முயற்சி பண்ணியிருக்கலாம்." சுகந்தினி பவுனுவின் தலையை மடியில் வைத்திருந்தாள். "நான் பத்து வருஷமா பூனைக்குத்தான்மா வைத்தியம் பாக்கிறன். மாட்டைத் தொட்டு நாளாச்சு. பொய் சொல்ல மாட்டன்."

குணவதி பவுனுவின் வலது விலாவில் கையை வைத்தாள். தோலுக்கு அடியில் ஒரு உதை. இன்னொன்று. உள்ளே இருந்தது உயிரோடு, கோபமாக உதைத்தது.

"கன்னு ஒதைக்குது! தங்கச்சி, கன்னு ஒதைக்குது, எடுங்க!"

சுகந்தினியும் கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "எட்டு மாசந்தானேம்மா. தாயோட ரத்தமே கெட்டுப் போச்சு. எடுத்தாலும் நிக்காது."

குணவதி கையை எடுக்கவில்லை. பவுனுவின் மூச்சு நீண்டு, ஒரு தரம் முனகி, நின்றது. விலாவுக்குள் உதை அதற்குப் பிறகும் இருந்தது. மூன்று, நாலு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். கழுத்து மாலையில் சாமந்தி இன்னும் வாடவில்லை. வெயில் ஏறித் தகரம் சடசடக்க ஆரம்பிக்கும் வரை காத்திருந்தாள். அழுகை வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. பக்கிரிசாமிதான் வந்து அவள் கையைப் பிடித்து விலாவிலிருந்து பிரித்தான்.

மண் தோண்டும் இயந்திரத்தைச் சிவகுரு வரவழைத்தார். ஓடைக்கு எதிர்ப்பக்கம் ஆழமாகத் தோண்டி இரண்டையும் புதைத்தார்கள். மற்ற மூன்றும் நின்றன. சாயங்காலம் நாலு மணிக்கு மயிலை ஒரு வாய் வைக்கோலை இழுத்து, யோசித்து, மென்றது. சுகந்தினி அப்போதுதான் குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

சிவகுரு ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். நாற்காலிக்குப் பழகிய உடம்பு வாளியில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் தடுமாறியது. சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார். கடிதம். கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

குணவதி வாங்கிப் படிக்கச் சொல்லிப் புருஷனிடம் நீட்டினாள். பக்கிரிசாமி எழுத்துக் கூட்டிப் படித்தான். "…இவருடைய அஞ்சு மாடுகளும் நல்ல ஆரோக்கியத்தோட…" அங்கேயே நின்றுவிட்டான்.

"மூனுன்னு போடுங்கய்யா" என்றாள் குணவதி.

சிவகுரு பேனாவை எடுத்தார். ஐந்தை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். ஒப்பம் அழகாக விழுந்தது.

"ரெண்டு எதுனால செத்துச்சுன்னும் எழுதுங்க."

பேனா நின்றது. "அம்மா, அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத…"

"நாளைக்கி யாராச்சும் கேட்டா, குணவதி மாட்ட சீக்குல உட்டுட்டா, இவ கையில நெலத்தக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அதுக்குத்தான் கேக்குறேன்."

சிவகுரு தாளையே பார்த்தார். எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் நடுவில் அவர் நிற்கையில் புல்வெளி ஓரம் ஒரு காடி வந்து நின்றது.

இறங்கியவன் புவனேசன், அலோர் ஸ்டார் மெர்கோங்கில் குடியிருக்கிறான், மாமியார் வீடு பாக்கார் ஆராங்கில். வருஷா வருஷம் வருபவன். பின்னாலேயே அவன் பெண்டாட்டி, துணி சுற்றிய பெரிய பானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

"அக்கா! நேத்து எனக்கு வேல, வர முடியல. அதான் இன்னிக்கே பொங்கிக் கொண்டாந்துட்டோம். பவுனு எங்க? நெய்யி, முந்திரி எல்லாம் அவளுக்குன்னே அள்ளிப் போட்டிருக்கு. பேஸ்புக்ல பாத்தோம், அலோர் ஸ்டாருல எல்லாரும் இதே பேச்சுதான்!"

சிவகுரு பழக்க தோஷத்தில் வாளியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "வாங்கோ, வாங்கோ…" அப்புறம் தான் என்ன சொல்கிறோம் என்று காதில் விழுந்து, அரை எழுச்சியிலேயே உறைந்தார்.

குணவதி போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்து பானையை வாங்கினாள். நல்ல கனம். இன்னும் சூடு. அதைக் கொண்டுவந்து சிவகுருவின் மடியில் வைத்தாள்.

"சாப்புடுங்கய்யா."

"அம்மா…"

"நல்ல நாளு. ஆசயாக் கொண்டாந்திருக்காங்க. ஒரு பருக்ககூட வீணாவக் கூடாதுல்ல?"

அவள் குரலில் கோபம் தெரியவில்லை. மாட்டைத் தொட்டிக்கு அழைக்கும் அதே குரல். பக்கிரிசாமி கிட்டே வந்தான். "குணா, வேணாம்லா…" என்றான். அவள் கேட்கவில்லை.

சிவகுரு மகளைப் பார்த்தார். குழாயடியிலிருந்து சுகந்தினி சொன்னாள்: "அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கும்மா, இனிப்பு ஆகாது." சொன்னாளே தவிர எழுந்து வரவில்லை.

சிவகுரு பானைக்குள் கையை விட்டார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். முந்திரியும் நெய்யும் கன்னத்தில் ஒட்டின. விழுங்கினார். இரண்டாவது வாய். சாணிக் கறை பட்ட காற்சட்டையும், மடியில் பானையும், கண்ணில் தண்ணீருமாக அந்த மனிதர் மென்றார். புவனேசன் சிரிக்கலாமா என்று பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் தெரிந்த புது மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாய். அது தொண்டையில் நின்று, புறங்கையால் நெஞ்சைத் தட்டி உள்ளே தள்ளினார். நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. நாலாவது வாய்க்குக் கை பானைக்குள் போனது.

குணவதி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பால் கறக்கிற பிடி. அவரால் அசைக்க முடியவில்லை.

"போதும்" என்றாள்.

விரல் விரலாக அவர் கையிலிருந்து சோற்றை வழித்துப் பானைக்குள் போட்டாள். பானையைத் தூக்கிப் புவனேசனிடம் கொடுத்தாள்.

"அக்கா, அப்ப இத என்னாக்கா செய்யறது?"

"வீட்டுக்குக் கொண்டு போங்க தம்பி. பசிச்சா சாப்புடுங்க."

சிவகுரு முழங்காலில் கடிதத்தை விரித்து எழுத ஆரம்பித்திருந்தார். நெய் பட்ட விரலால் தாளில் கறை விழுந்தது. அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. இரண்டு வரியில் முடிகிற விஷயந்தான். அவருக்குத் தாளின் பின்பக்கமும் தேவைப்பட்டது.

குணவதி அரிவாளை எடுத்துக்கொண்டு புல்வெளிக்கு இறங்கினாள். மூன்று மாட்டுக்கு எவ்வளவு புல் வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை. கை அதன் பாட்டுக்கு ஐந்து கட்டு அறுத்துப் போட்டிருந்தது.